எந்த டப்பாவிலும் கரப்பான் வாழுமா? ஓர் இழை

பிப்ரவரி 2: வாசகர் ஒருவரின் கூற்று

"கரப்பான் வளர்க்கப் பெட்டி செய்வதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் சாதாரண பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் மூடியில் நான்கு துளைகள் மட்டும் போட்டு, ஆறு மடகாஸ்கர் சீறும் கரப்பான்களை மூன்று வாரமாக வைத்திருக்கிறேன். ஒன்றுகூடச் சாகவில்லை. அணுகுண்டுக்கே தப்பும் என்று சொல்லப்படும் பூச்சிக்கு வலையும் வெப்பத்தட்டும் எதற்கு? எந்த டப்பாவும் போதும் என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்."

பிப்ரவரி 3

மறுக்கிறேன். சீறும் கரப்பான் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. அதன் வாழ்நாளில் மூன்று வாரம் என்பது புது வீட்டுக்குக் குடிவந்து மூட்டையைப் பிரிக்கும் நேரம்தான்.

அணுகுண்டுக் கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். மனிதனைவிடக் கரப்பான் கதிர்வீச்சைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. பழ ஈ அதைவிடவும் கூடுதலாகத் தாங்கும், ஆனால் பழ ஈயைப் பற்றி யாரும் கதை கட்டுவதில்லை. பெயரிடப்பட்ட கரப்பான் இனங்கள் 4,600 அளவில் உள்ளன; மனிதர் வீடுகளில் புகுந்து தொல்லை தருபவை அவற்றில் 30 இனங்களை ஒட்டியே இருக்கும். "எதிலும் பிழைக்கும்" என்ற பெயரைச் சம்பாதித்தவை அந்த முப்பதுதான். மடகாஸ்கரின் காட்டுத் தரையில், விழுந்த மரங்களுக்கு இடையில் வாழும் ஓர் உயிரின் தலையில் அந்தப் புகழை நாம் ஏற்றிவைக்கிறோம்.

நானும் நான்கு துளைகளில்தான் தொடங்கினேன். துணி அடுக்கி வைக்கும் 20 லிட்டர் பெட்டி. மூடியில், சுட்ட ஆணியால் போட்ட துளைகள். இரண்டாம் மாதத்தில் காலையில் மூடியைத் திறந்தால் உட்புறம் முழுவதும் நீர்த்துளி கோத்திருக்கும். அதை நான் நல்ல ஈரப்பதம் என்று நினைத்து மகிழ்ந்தேன் என்பதை இன்று எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. உள்ளே அடுக்கியிருந்த முட்டை அட்டைகள் ஊறித் தளர்ந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. அடியில் எச்சம் சேறாயிற்று. மூடியைத் தூக்கினால் மூக்கில் அமோனியா ஏறியது. பெரிய பூச்சிகள் ஒன்றும் சாகவில்லை. உங்களைப் போலவே நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் மட்டும் வாரந்தோறும் குறைந்தன. செத்தவை அந்தச் சேற்றுக்குள்ளேயே கரைந்துபோனதால் குறைவது கண்ணில் படவுமில்லை.

பிப்ரவரி 3, இரவு

மேலே எழுதியதைப் படித்தால் துளைகள் போதவில்லை, நாற்பது போட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்ற பொருள் வருகிறது. நான் சொல்ல வந்தது அதுவன்று. மூடியில் மட்டும் எத்தனை துளைகள் போட்டாலும் அடியில் தேங்கிய காற்று அசைவதில்லை. பக்கச்சுவர் ஒன்றில் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு சாளரமும், எதிர்ச்சுவரிலோ மூடியிலோ மற்றொரு சாளரமும் வெட்டினால், உள்ளே சூடாகும் காற்று மேல்வழியாக வெளியேறக் கீழ்வழியாகப் புதுக்காற்று நுழையும். உள்ளங்கை அகலச் சாளரங்கள் இரண்டு போதும். பிளாஸ்டிக்கைக் கத்தியால் வெட்டினால் விரிசல் ஓடும். சூடேற்றிய சால்டரிங் கோலால் கோடு போட்டு அறுத்தால் ஓடாது. அந்தப் புகையை மட்டும் சுவாசிக்காதீர்கள்.

பிப்ரவரி 6

சாளரத்தில் எந்த வலையை ஒட்டுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உலோகக் கம்பி வலை. வேறு எதுவும் வேண்டாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டாம் பெட்டியில் நான் நைலான் கொசுவலையைச் சூடான பசையால் ஒட்டினேன். பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. கரப்பானின் தாடை மரத்தூளையும் காய்ந்த இலையையும் கடிக்கப் படைக்கப்பட்டது, நைலான் அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஒரு மூலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை விழுந்ததை நான் கவனித்த நாளில் பதினொரு குஞ்சுகள் கணக்கில் இல்லை. வீட்டில் இருந்தவர்களிடம் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. "ஒன்றிரண்டு" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் ஒன்றிரண்டுக்கே இரண்டு நாள் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கவில்லை.

தப்பியவை வீட்டில் பெருகிவிடாதா என்ற அச்சம் இயல்பானது. சீறும் கரப்பான் வீட்டுத் தொல்லை இனமன்று. வெப்பமும் ஈரமும் ஒன்றாகக் கிடைக்காத அறையில் அது பெருகுவது அரிது. அரிது என்று எழுதினேன், முடியாது என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பிப்ரவரி 7

ஒரு திருத்தம். பதினொன்று அன்று, ஏழு. பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது தெரிந்தது: தப்புவதற்கு முன் எண்ணியபோது உரித்துப்போட்ட தோல்களில் நான்கைப் பூச்சிகளாகவே எண்ணியிருக்கிறேன். அட்டையின் பள்ளத்தில் கிடக்கும் முழுத்தோல் கால், கொம்பு எல்லாவற்றோடும் அசல் பூச்சிபோலவே இருக்கும். உரித்த தோலைப் பூச்சியே தின்றுவிடுவது வழக்கம். தின்னாமல் விட்ட நான்கும் என்னை ஏமாற்றிவிட்டன.

பிப்ரவரி 14

மூடியே இல்லாமல் வளர்க்க முடியாதா என்ற கேள்விக்கு: இனத்தைப் பொறுத்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த டூபியா கரப்பான் வழவழப்பான பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ ஏற இயலாதது. ஆண்களுக்கு முழு இறக்கை இருந்தாலும் அவை பறப்பதாகச் சொல்ல முடியாது. மேலிருந்து விழும்போது படபடப்பதோடு சரி. பெண்களுக்கு இறக்கை குட்டையான ஒரு துண்டு மட்டுமே. எனவே சுவர் உயரமான, கீறல் விழாத பெட்டியில் டூபியா மூடியில்லாமலும் இருக்கும். சீறும் கரப்பானின் பாதத்தில் ஒட்டுத் திண்டுகள் உண்டு. அது கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கியபடி உங்களைப் பார்க்கும்.

அதற்குத்தான் பெட்ரோலியம் ஜெல்லி. சுவரின் உட்புறம், விளிம்பை ஒட்டி, நான்கு விரல் அகலத்துக்கு மெல்லிய பூச்சு. நான் முதலில் ஒரு விரல் அகலம் பூசினேன். வளர்ந்த ஆண் ஐந்து முதல் ஏழு செ.மீ. நீளமிருக்கும், முன்கால்களை அந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் பாலம்போலக் கடந்துவிட்டது.

பிப்ரவரி 15

ஜெல்லி தூசியும் எச்சப்பொடியும் படிந்து சில வாரங்களில் பிடிமானம் தரும் மண்சுவராகிவிடும். துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 2

வெப்பம். இந்த இழையின் முதல் கூற்று எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது இந்த இடத்தில்தான், ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. அறை வெப்பம் ஆண்டு முழுவதும் 25 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்குமிடத்தில் வெப்பத்தட்டு உண்மையிலேயே தேவையில்லை. இனப்பெருக்கம் நன்றாக நடக்க 28 முதல் 30 வரை வேண்டும். 20க்குக் கீழே போனால் பூச்சி சாகாது, உணவைக் குறைக்கும், அசைவைக் குறைக்கும், குஞ்சு போடுவதை நிறுத்திவிடும். "என்னிடம் எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் எட்டு மாதமாகக் குஞ்சே இல்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வெப்பமானி இருக்கிறதா என்பதையே.

தட்டு வைப்பதானால் பக்கவாட்டில், பெட்டியின் ஒரு முனையில், மூன்றில் ஒரு பங்குச் சுவரை மட்டும் தொடும்படி வையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்காதீர்கள். அடியில் வைத்தால் சூட்டுக்குத் தப்பிக் கீழே இறங்கும் பூச்சி மேலும் சூட்டில் போய் விழுகிறது; மெல்லிய பிளாஸ்டிக் அடிப்பகுதி வளையவும் செய்யும். ஒரு முனை சூடும் மறுமுனை அதைவிடக் குளிர்ச்சியுமாக இருந்தால் எங்கே இருப்பது என்பதைப் பூச்சியே தீர்மானிக்கும். சினையான பெண்கள் பெரும்பாலும் சூடான முனையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 9

படம் அனுப்பிய நண்பருக்கு: அது அபூர்வமான வெண்கரப்பான் அன்று. சற்றுமுன் தோலுரித்த பூச்சி. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். நீங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாளை காலை எது அது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. அதுவரை தொட வேண்டாம். உடல் அப்போது வெண்ணெய்போல மென்மையாக இருக்கும், விரல் பட்டால் கோணிப்போகும்.

உரிப்பதற்குத் தொங்க இடம் வேண்டும் என்பதால்தான் முட்டை அட்டைகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்கச் சொல்வது. நிமிர்ந்திருந்தால் எச்சமும் பள்ளங்களில் தங்காமல் நேரே அடிக்கு உதிரும்.

மார்ச் 30

இந்த இழையில் உணவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தலைப்பு டப்பாவைப் பற்றியது. ஆனால் என் மூன்றாம் பெட்டியில் நேர்ந்த பிழையை டப்பாவின் மேல் போட்டுவிட்டு ஓராண்டு அலைந்தேன் என்பதால் எழுதுகிறேன்.

வேகமாக வளரட்டும் என்று நாய்களுக்கான உலர்தீனியைப் பொடித்து அதையே முக்கிய உணவாகப் போட்டு வந்தேன். முதல் சில மாதங்கள் வளர்ச்சி நன்றாகவே இருந்தது. பிறகு, வளர்ந்த பூச்சிகள் எதிர்பார்த்ததைவிட வெகு முன்னதாகச் சாகத் தொடங்கின. காற்றோட்டத்தைக் குறை கூறி இன்னொரு சாளரம் வெட்டினேன். அது அதிகமாகி அட்டைகள் காய்ந்தன. மறுபடியும் நீர் தெளித்தேன். இவை எதுவும் காரணமில்லை.

கரப்பான் தன் நைட்ரஜன் கழிவை நம்மைப்போல முழுவதுமாக வெளியேற்றுவதில்லை. யூரிக் அமிலமாக்கி உடலுக்குள்ளேயே கொழுப்புத் திசுவில் சேமிக்கிறது. அத்திசுவில் பிளாட்டாபாக்டீரியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. புரதம் குறைந்த காலத்தில் அது இந்த நைட்ரஜனை மீண்டும் அமினோ அமிலங்களாக்கித் தருகிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு அது போய்ச்சேரும். மட்கிய இலையும் மரத்தூளும் தின்னும் உயிருக்கு இது எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு என்று பாருங்கள். பஞ்ச காலத்துக்காகக் கட்டிய களஞ்சியத்தில் நான் தினமும் மூட்டை மூட்டையாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். இறந்த ஒன்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது.

இப்போது ஓட்ஸ், காய்ந்த இலை, கேரட், பூசணி, வாரம் ஒருமுறை ஆப்பிள் துண்டு. நாய்த்தீனி எப்போதாவது ஒரு சிட்டிகை. ஈரமான உணவை மறுநாள் காலை எடுத்துவிடுகிறேன். நீருக்குக் கூழாங்கல் நிரப்பிய தட்டையான மூடி ஒன்று. கல் இல்லாவிட்டால் குஞ்சுகள் மூழ்கும்.

ஏப்ரல் 1

சாளரம் "அதிகமாகி" என்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் நான்கு துளை போதுமா என்று தொடக்க நண்பர் கேட்கிறார். இல்லை. இன்றைய தேதியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 12

உண்ணிகள் இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உணவின்மேலும் சுவர்மேலும் வெள்ளைப் பொடிபோல ஊர்வது தானிய உண்ணி. அது ஈரம் மிகுந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு. பெட்டியைக் காயவைத்து, உணவைக் குறைத்து, அட்டைகளை மாற்றினால் போய்விடும்.

சீறும் கரப்பானின் கால்களுக்கிடையில் ஓடும் வெளிறிய உண்ணி வேறு. குரோம்ஃபடோர்ஹோலேலாப்ஸ் என்ற அதன் பெயரை ஒரே மூச்சில் சொல்பவர்களுக்கு என் வணக்கம். அது கரப்பானின் குருதியைக் குடிப்பதில்லை. உடலில் ஒட்டிய உணவுத்துகளையும் அழுக்கையும் தின்று வாழ்கிறது, உண்ணி உள்ள கரப்பானின் மேற்பரப்பில் பூஞ்சை குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒவ்வொரு பூச்சியையும் மாவில் புரட்டி எடுத்து உண்ணிகளை உதிர்த்தேன். அன்று அவை சீறிய சீற்றம் நியாயமானது என்று இப்போது தோன்றுகிறது.

சீற்றத்தைப் பற்றிப் போகிறபோக்கில்: பல பூச்சிகளைப்போல உறுப்புகளை உரசி அது ஒலி எழுப்புவதில்லை. வயிற்றின் நான்காம் கண்டத்திலுள்ள ஓர் இணை சுவாசத்துளைகள் வழியாகக் காற்றைத் தள்ளுகிறது. ஆண்கள் தமக்குள் மோதும்போது ஒரு சீற்றம், பெண்ணை அழைக்க வேறொன்று, மிரண்டால் இன்னொன்று. பெட்டியைச் சுத்தம் செய்யக் கைவிட்டால் முதலில் கேட்பது கடைசியாகச் சொன்னது. ஒரே பூச்சியைத் தினமும் கையிலெடுத்தால் சில வாரங்களில் அது சீறுவதை நிறுத்திவிடும். பழகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சலித்துவிட்டது என்பதும் பொருந்தும்.

மே 18

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எச்சத்தூளும் உரித்த தோலும் ஒவ்வாமையைத் தூண்டுபவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது விளையாட்டன்று. நான் ஒரு காலத்தில் பெட்டியைப் படுக்கையறையில் வைத்திருந்தேன், இரவில் சீறும் ஒலி பிடித்திருந்தது. இரண்டாம் ஆண்டில், சுத்தம் செய்யும் நாளில் தும்மல் தொடங்கியது. பிறகு முன்கையில் கால்கள் ஊர்ந்த தடமெல்லாம் தடித்துச் சிவந்தது. இப்போது பெட்டி வேறு அறையில் இருக்கிறது. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே அடியைத் தட்டுகிறேன். பக்கச்சாளரத்தின் கீழே ஒரு காகிதம் விரித்துவைத்தால் எவ்வளவு தூள் வெளியே வருகிறது என்று தெரியும். என் அருமையான காற்றோட்ட ஏற்பாடு அத்தனை காலமும் அந்தத் தூளை என் தலையணைப் பக்கம்தான் தள்ளிக்கொண்டிருந்தது.

ஜூன் 10

தொடக்க நண்பர் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய பெண் பூச்சி குஞ்சு போட்டது; மறுநாள் டப்பாவில் நான்கு மட்டுமே இருந்தன; மற்றவை எங்கே என்று கேட்கிறார்.

சீறும் கரப்பான் முட்டைக்கூட்டை வெளியே இட்டுவிட்டுப் போவதில்லை. கூட்டை ஒருமுறை வெளியே நீட்டி மீண்டும் உள்ளிழுத்துக்கொண்டு, ஏறத்தாழ 60 நாள்கள் உடலுக்குள்ளேயே வைத்திருந்து, 20 முதல் 40 வரை குஞ்சுகளை உயிரோடு போடும். பிறந்த குஞ்சு ஒரு செ.மீ.கூட இருக்காது, தட்டையானது, அப்பனைப்போலவே கண்ணாடியில் ஏறும். உங்கள் நான்கு துளைகளின் விட்டம் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. அறையில் சூடான, இருட்டான இடங்களைப் பாருங்கள்: குளிர்பெட்டியின் பின்புறம், மின்மாற்றிப் பெட்டிகளின் அடி. இரவில் விளக்கை அணைத்துவிட்டு அரைமணி கழித்து, சிவப்பு விளக்கோடு போய்ப் பாருங்கள். சுவரோரம் கேரட் துண்டு வைத்த ஆழமான பாத்திரம், உள்விளிம்பில் ஜெல்லி, ஏறி வர வெளிப்புறம் ஒரு துணி. என்னிடமிருந்து போன ஏழில் ஐந்து இப்படித்தான் திரும்பின.

அவர் சொன்னதில் சரியாக இருந்ததையும் எழுதிவிடுகிறேன். கடையில் விற்கும் கண்ணாடித் தொட்டி இந்த வேலைக்கு மலிவான பிளாஸ்டிக் பெட்டியைவிட மேலானதன்று: கனமானது, எளிதில் துளையிட முடியாது, மேற்புறம் முழுவதும் திறந்திருப்பதால் ஈரமும் சூடும் நிற்பதில்லை. என்னிடம் இருந்த ஒரே கண்ணாடித் தொட்டியில் இப்போது பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன.

ஜூலை 4

"எந்த டப்பாவும்" என்பதில் இன்னொரு சிக்கலை விட்டுவிட்டேன். இதுவரை நான் எழுதியதெல்லாம் குஞ்சு போடும் இரண்டு இனங்களைப் பற்றியவை. தென்னிந்தியப் புதர்க்காடுகளைச் சேர்ந்த தீரியா இனம் உண்டு. கறுப்பு முதுகில் ஏழு வெண்பொட்டுகள், பார்த்தால் கரப்பான் என்றே தோன்றாது. அது முட்டைக்கூட்டை மண்ணில் இடும், குஞ்சுகள் மண்ணுக்குள்ளேயே வளரும். முட்டை அட்டையும் வெறும் தரையும் உள்ள என் பெட்டியில் விட்டால் பெரியவை சில மாதங்கள் அழகாகத் திரிந்துவிட்டுச் சந்ததியின்றி முடிந்துபோகும். அதற்குச் சில அங்குல ஆழத்துக்கு இலைமட்கும் மண்ணும், அடியில் ஈரமும் மேலே காய்ச்சலும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் காண்டாமிருகக் கரப்பான் ஒரு மீட்டர் ஆழம்வரை வளை தோண்டுவது, 30 கிராம் எடையைத் தாண்டுவது. அதற்கு டப்பா என்ற சொல்லே பொருந்தாது.

ஆகஸ்ட் 21

பிடித்த குஞ்சுகளையும் சேர்த்து இப்போது தன்னிடம் அறுபதுக்கு மேல் இருப்பதாகவும், பாதியைத் தோட்டத்தில் விட்டுவிடலாமா என்றும் நண்பர் கேட்கிறார்.

கூடாது. அயல் இனத்தை வெளியே விடுவது பல நாடுகளில் குற்றமும்கூட. வளர்க்கவே அனுமதி தேவைப்படும் இடங்கள் உள்ளன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் உறைவிப்பானில் ஓரிரு நாள் வைப்பதுதான் வழி. எச்சத்தைக் குப்பையில் போடுவதற்கு முன்பும் அப்படியே செய்யுங்கள், அதற்குள் எப்போதும் நான்கைந்து குஞ்சுகள் ஒளிந்திருக்கும்.

அதற்கு முன் பாலினம் பிரியுங்கள். தலைக்குப் பின்னாலுள்ள கேடயத்தில் இரண்டு கொம்புப் புடைப்புகளும், மயிரடர்ந்த தடித்த உணர்கொம்பும் இருந்தால் ஆண். ஆறுமுறை தோலுரித்து முதிர ஐந்து முதல் ஏழு மாதம் ஆகுமென்பதால், ஜூனில் பிறந்தவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வளர்ந்த பெண்களை மட்டும் தனிப் பெட்டிக்கு மாற்றினாலும் ஏற்கெனவே சினையாக இருப்பவை ஒருமுறை போடும். அதற்கு இரண்டு மாதம் பொறுத்திருங்கள். என்னிடம் இப்போது ஒன்பது ஆண்கள் மட்டுமே. முட்டிக்கொள்கின்றன, சீறுகின்றன, காயம் பட்டு நான் பார்த்ததில்லை. பழைய 20 லிட்டர் பெட்டிதான். ஆணித்துளைகள் நான்கையும் பசையால் அடைத்துவிட்டேன்.